மரிக்கொழுந்தின் பனிக்கன்று

கொடைக்கானலையும் தாண்டி மேற்கே, பஸ் வந்து திரும்புகிற அளவுக்கு மட்டும் சமதரை விட்டுவிட்டு மற்றதெல்லாம் படிப்படியாய் வயலாக இறங்குகிற தேனடைப்பாறை என்ற ஊரில், ஒரு கார்த்திகை மாதக் கடைசியில், சலேத்தம்மாள் வீட்டுப் பசு மரிக்கொழுந்து தன் மூச்சுக்காற்றாலேயே ஒரு கன்று போட்டது. அந்தக் கன்று மாசி வரைக்கும் அங்கே இருந்தது. இருந்த நாளெல்லாம் ஊர் அதை எப்படி வைத்துக்கொண்டது, பிறகு எப்படி விட்டுக்கொடுத்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால் மரிக்கொழுந்துக்கு நிஜமாகவே ஒரு கன்று பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. கீழே சமவெளியில் என்றால் செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, பால் கறக்கிற நேரத்துக்கெல்லாம் தாயின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சலேத்தம்மாளுக்கு அது பாவமாகப் படும். பெற்றவளை நாளைக்கு இரண்டு தரம் ஏமாற்றி வாங்குகிற பால் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே சொல்லிவருகிறவள் அவள். ஆகவே கன்று வைக்கோலில் விழுந்ததும், மாடு திரும்புவதற்குள் அதைக் கோணிச்சாக்கில் சுருட்டி வீட்டுக்காரர் ராயப்பன் கையில் கொடுத்து, பேரிக்காய் மரத்துக்கு அப்பால் புதைத்துவிட்டு வரச் சொன்னாள். பார்த்தால் தாங்காது, பார்க்காவிட்டால் மறந்துவிடும் என்று நினைத்தாள். நல்ல மனசோடுதான் நினைத்தாள்.

ஈன்ற மாடெல்லாம் திரும்புகிற மாதிரி மரிக்கொழுந்தும் நக்கிக்கொடுக்கத் திரும்பியது. ஈர வைக்கோல்தான் கிடந்தது. அந்த வைக்கோலை நக்கியது, வைக்கோலுக்கு அடியில் இருந்த மண்ணை நக்கியது, தொழுவத்துக் கல்சுவரை நாக்கு ரத்தம் கசிகிற வரைக்கும் நக்கியது, அப்புறம் தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தவிட்டுத் தண்ணீர் வைத்தால் வைத்தபடியே இருந்தது. மடி கல்லாய் இறுகிக் கிடந்தது, ஒரு பொட்டுப் பால் இறக்கவில்லை. மாட்டு ஆஸ்பத்திரி ஆய்வாளர் இரண்டு தரம் வந்து ஊசி போட்டுவிட்டு, விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, இது உடம்பு நோய் இல்லை, இப்படியே பட்டினி கிடந்தால் பொங்கல் வரை தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலை கடுமையான உறைபனி. புல்லெல்லாம் உப்பைக் கொட்டினது போலக் கிடந்தது. வாளித் தண்ணீருக்கு மூடி போட்டது போல மேலே ஒரு கண்ணாடி. பனிக்காலத்தில் அந்த வீட்டில் யாருக்கு எது என்று ஒரு முறை உண்டு: கோழிகளுக்கு அடுப்பங்கரை ஓரம், கூடைக்கு அடியில் இடம், ஆடு ஐந்துக்கும் பழைய சாக்கில் தைத்த சட்டை, நாய்க்கு ராயப்பனின் கிழிந்த கம்பளி. மாட்டுக்குத் தொழுவத்துக் கதவில் தொங்குகிற படுதாவும் சலேத்தம்மாளின் செபமாலையும். விடிந்ததும் முதல் செபமாலையை அவள் மாட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் சொல்வாள். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து: மகன் திருப்பூரில், மகள் திண்டுக்கல்லில், இரண்டு பேருக்கும் இரண்டு பத்து, ராயப்பனின் முழங்காலுக்கு ஒரு பத்து, ஊருக்கு ஒன்று, பேர் சொல்லாமல் ஒன்று.

அன்றைக்கு மாட்டின் மூச்சு வெளியே வந்து கலைந்து போகவில்லை. வந்தது தங்கியது. மூச்சின்மேல் மூச்சு படிந்து, வைக்கோல் மூலையில் வெண்ணெய் திரள்வது போலத் திரண்டுகொண்டே வந்தது. சலேத்தம்மாள் மூன்றாம் பத்து முடிக்கும்போது அதற்கு நாலு கால் இருந்தது. ஐந்தாம் பத்து முடிக்கும்போது காது இரண்டும் வந்து ஒன்று ஆடியது. செபமாலையை நடுவில் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லையாதலால், கடைசி மணி வரைக்கும் சொல்லி, சிலுவையை முத்தமிட்டு, மாலையை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். பனியால் ஆன கன்றுக்குட்டி ஒன்று தள்ளாடித் தள்ளாடி வந்து மடியை முட்டியது. மரிக்கொழுந்து காலை அகட்டி நின்று பாலை இறக்கியது. கன்றுக்கு இரண்டு காம்பு, வீட்டுக்கு இரண்டு காம்பு என்பது எந்தக் கன்றுக்கும் உள்ள வழக்கம்தானே. சலேத்தம்மாள் மற்ற இரண்டுக்கும் கீழே செம்பை வைத்தாள்.

பிறகு போய்க் காப்பி போட்டாள். மரிக்கொழுந்துக்குக் கன்று வந்திருக்கிறது, தவிடு கூடக் கொஞ்சம் ஊற வையுங்கள் என்று ராயப்பனிடம் சொன்னாள். அவர் போர்வையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிடேரியா காளையா என்று கேட்டார். கிடேரி மாதிரிதான் தெரிகிறது என்றாள்.

வெளிச்சம் நன்றாக வந்ததும் ஊர் வந்தது. வந்தவர்கள் கன்றைத் தடவிப் பார்த்தார்கள்; கை ஈரமானது, விரல் மரத்துப்போனது. ஓர் ஆடு அதன் வாலைக் கடித்துப் பார்த்து நாலு தும்மல் போட்டது. தாய்க்குப் பிடித்திருக்கிறது, மாடு தின்கிறது, வேறென்ன வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். ஆண்கள் இதற்கு எத்தனை மாதத்தில் பல் முளைக்கும் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். ஆய்வாளர் காதில் மாட்டுகிற மஞ்சள் வில்லையோடு வந்தார். குத்திய வில்லை காது வழியாகவே நழுவி வைக்கோலில் விழுந்தது. மூன்று தரம் குத்தினார், மூன்று தரமும் விழுந்தது. கடைசியில் வில்லையைத் தாயின் கழுத்துக் கயிற்றில் கட்டிவிட்டு, படிவத்தில் நிறம் என்ற இடத்தில் 'காலையில் வெள்ளை' என்று எழுதிக்கொண்டு போனார்.

முதல் சண்டை நாலாம் நாள் வந்தது. கீழ்ப்படி வயல் குழந்தைவேலுவுடையது. உருளைக்கிழங்கு போட்டிருந்தார். கன்று துள்ளிக் குதித்துப் போன வழியெல்லாம், குளம்பு பட்ட இடமெல்லாம், செடி இரவு உறைபனி விழுந்தது போலக் கருகிக் கிடந்தது. பனிக்குப் பயந்து வரப்போரம் சருகைக் குவித்துப் புகைமூட்டம் போட்டுக் காப்பாற்றின செடி அது. குழந்தைவேலு கருகின தழை ஒரு கை அள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சலேத்தக்கா, வானத்துலருந்து விழுற பனிக்கு நான் புகை போடுவேன். ஒங்க வீட்டுத் தொழுவத்துலருந்து நடந்து வர்ற பனிக்கு நான் என்னத்தப் போட?"

சலேத்தம்மாள் முதலில் டம்ளர் நிறைய, மரிக்கொழுந்தின் பாலில் போட்ட காப்பியைக் கொடுத்தாள். அவர் குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்சம் தணிந்து, அந்தக் குட்டிக்குக் கயிறாவது கட்டக் கூடாதா என்று கேட்டார். கயிறு எதில் கட்டுவது என்று ராயப்பன் கேட்டார். இரண்டு பேரும் கன்றைப் பார்த்தார்கள். அது இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, குழந்தைவேலுவின் வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. நுனி விறைத்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

வழியைக் காட்டியது பூண்டுதான். பூண்டுக்குக் குளிர் பட்டால்தான் பல் கட்டும் என்பது அந்த மலையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கன்று ஒரு நாள் மேல்படியில் பூண்டுப் பாத்திக்குள் புகுந்து விளையாடிவிட்டு வர, அடுத்த வாரம் அந்தப் பாத்தி மட்டும் மற்ற பாத்திகளைவிட ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. அதற்கப்புறம் எங்கள் பூண்டுக்கு இன்றைக்குக் குட்டியை அனுப்பு, நாளைக்கு அனுப்பு என்று ஆள்மேல் ஆளாய் வந்தார்கள். மாட்டை முன்னால் நடத்தினால் கன்று பின்னாலேயே வரும். சலேத்தம்மாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தாள். உருளைக்கிழங்குப் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டாள். குழந்தைவேலு இரண்டு பாத்தி பூண்டும் போட்டிருந்தார். மூன்றாம் ஆளாக வரிசையில் நின்றவர் அவர்தான்.

கிறிஸ்துமஸ் வந்தது. பங்குச் சாமியார் குடிலுக்கு மண் மாடு எதற்கு, உயிர் மாடு இருக்கும்போது என்றார். மரிக்கொழுந்தையும் கன்றையும் கோயில் முற்றத்துக் குடிலில் நிறுத்தினார்கள். காலைத் திருப்பலி முடிகிறதற்குள், கன்று மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, மண் சூசையப்பரின் தாடியெல்லாம் நிஜமாகவே நரைத்துவிட்டது. பாலகன் இயேசுவுக்குச் சளி பிடிக்கும் என்று யாரோ ஒரு கிழவி தன் மப்ளரை எடுத்துச் சுரூபத்துக்குச் சுற்றிவிட்டாள். மாட்டுப் பொங்கல் அன்றைக்குக் குழந்தைவேலுவின் சம்சாரம் வந்து, ஊர் மாட்டுக்கெல்லாம் வைத்த மாதிரி அதற்கும் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வைத்த பொட்டு நெற்றியில் நிற்காமல் மெல்ல மெல்லப் பரவி, மதியத்துக்குள் கன்று முழுவதும் ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. அன்று முழுக்க அது அப்படியே திரிந்தது. வயலில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

தை பாதியில் வெயில் முகத்தைக் காட்டத் தொடங்கியது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் கன்றுக்கு வால் இல்லை என்று ஆட்டுக்காரப் பையன்கள் சொன்னார்கள். சாயங்காலம் குளிர் இறங்கியதும் வால் திரும்ப வந்தது. பிறகு உச்சி வெயிலில் குளம்புகள் போயின. கன்று தரையில் படாமல் மிதந்துகொண்டே பால் குடித்தது. தை இருபதாம் தேதி நடுப்பகலில் முழு ஒரு மணி நேரம் கன்று எங்கேயும் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் மரிக்கொழுந்து நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்து, வாயிலிருந்த புல்லை வெளியே தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தது. சலேத்தம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாதாவை மன்றாடினாள். மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்தது, கன்று பக்கத்தில் மங்கலாய்த் தெரிந்தது, மாடு கண்ணைத் திறந்தது. மேகம் எத்தனை நாளைக்கு வரும்?

ஊர் கூடி யோசித்தது. ஆய்வாளர் சொன்னார், இன்னொரு தரம் கன்றைப் பறிகொடுத்தால் இந்த மாடு பிழைக்காது என்று. அப்போது குழந்தைவேலுதான் எழுந்தார். விவசாயிகள் சங்கத்துக்கு விதைக்கிழங்கு வைக்கிற குளிர் கிடங்கு ஒன்று உண்டு, அதன் சாவி அவரிடம். பகலில் குட்டி அங்கே இருக்கட்டும் என்றார். தன் கிழங்கைக் கருக்கினதை அவர் அன்று ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. விதைக்கிழங்கு மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கி, வைக்கோல் பரப்பி, கன்றுக்கு இடம் ஒதுக்கினார்.

கன்று உள்ளே போனது, இரும்புக் கதவு மூடியது. காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வெளியே. வெயில் ஏற ஏற, ஏழு மணிக்கே போயிற்று, ஆறரைக்குத்தான் வந்தது. மாசி பிறந்தபோது அது விடியலில் ஒரு மணி நேரம் மட்டும் தாயோடு இருந்தது. கிடங்குக்குள் கன்றுக்கு ஒரு குறைவும் இல்லை. வாலும் குளம்பும் நன்றாகத் திரும்பின. நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. ஆனால் அது வரவர மூச்சுவிடுகிற மாதிரித் தெரியவில்லை. தொட்டால் மூச்சின் ஈரம் இல்லை, கல்லின் குளிர். காது ஆடுவதில்லை. ஒரு நாள் காலை அதைக் கதவுக்கு வெளியே இரண்டு ஆள் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது, மடிக்கு நேரே வாயைத் திருப்பியும் வைக்க வேண்டியிருந்தது. அது குடிக்கவில்லை.

மரிக்கொழுந்து கிடங்குக் கதவிலேயே நின்றது. கதவை நக்கியது. வெயிலில் அந்த இரும்பு சுடும், சுடச்சுட நக்கியது.

சலேத்தம்மாள் அதை மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் காலை, வயலில் களைக்கொத்தோடு நின்ற ராயப்பனிடம் போய், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். அவர் வரப்பில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"ஏங்க, நமக்கு ரெண்டாவதா ஒண்ணு பிறந்துச்சே."

ராயப்பன் களைக்கொத்தைக் கீழே வைத்தார். முப்பத்துநாலு வருஷத்தில் இரண்டு பேரில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"கீழ ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிச்சப்ப தொட்டில்ல மடிச்ச துணிதான் இருந்துச்சு. பொண்ணுன்னு மட்டும் சொன்னாங்க. பாத்தா தாங்க மாட்டா, பாக்காட்டி மறந்துருவான்னு எல்லாரும் நல்ல மனசோடதான் செஞ்சீங்க. நானும் யாரையும் ஒண்ணும் கேக்கல. ஆனா முப்பத்துநாலு வருசமா நான் வைக்கோலத்தான் நக்கிக்கிட்டு இருக்கேன். இந்த வாயில்லா ஜீவனுக்கு நானும் அதையே செஞ்சேன். கதவத் தொறக்கச் சொல்லுங்க."

ராயப்பன் எழுந்தார். வாய்க்காலில் கை கழுவினார், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு சாவிக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார்.

குழந்தைவேலு சாவியோடு வந்தார், ஆனால் உடனே பூட்டில் போடவில்லை. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வெயில் பளீரென்று அடித்தது. பக்கத்துத் தொட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை உதறிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"அக்கா, உள்ள இருந்தா இது இன்னும் பத்து வருசம் வேணாலும் இருக்கும். வெளிய வந்தா அரை மணி நேரம் நிக்காது. மாடும் அதோட போயிரும். ரெண்டையும் இழந்துட்டு நிப்பீங்க."

"தெரியும் தம்பி. போறதுன்னா பாத்துட்டுப் போகட்டும்."

அவர் திறந்தார். நாலு பேர் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து புல்தரையில், தாயின் முன்னால் வைத்துவிட்டு விலகினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கெட்டிப்பட்டது இளகுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஓலைப்பெட்டி நெரிகிற மாதிரி. பிறகு அதன் விலா ஒரு தரம் ஏறி இறங்கியது. காது ஒன்று ஆடியது. கன்று மூச்சுவிட்டது; அந்த மூச்சு மரிக்கொழுந்தின் முகத்தில் பட்டது.

மாடு நக்கத் தொடங்கியது. அவசரப்படவில்லை. பின்னங்கால் குளம்பில் தொடங்கி, தொடை, வயிறு, முதுகு என்று, பிறந்த ஈரத்தைத் துடைக்கிற தாய் எப்படி ஒரு மயிர்க்கால் விடாமல் நக்குமோ அப்படி நக்கியது. நாக்குப் பட்ட இடம் பட்ட இடமாகக் கன்று குறைந்துகொண்டே வந்தது. வெயில் அதைக் கரைத்ததா, தாய் அதை எடுத்துக்கொண்டதா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. குறையக் குறையக் கன்று பயப்படவில்லை, கழுத்தை நீட்டி நீட்டிக் கொடுத்தது. முன்னங்கால் போயிற்று, நெஞ்சு போயிற்று. முகத்தை மாடு கடைசியாக வைத்துக்கொண்டது. நெற்றியை நக்கியது, ஒரு கண்ணை நக்கியது, கொஞ்சம் நிறுத்தி நன்றாகப் பார்த்தது, மற்றக் கண்ணையும் நக்கியது. அப்புறம் புல் மட்டும் இருந்தது, ஈரமாக.

கேரட் கழுவுகிற பெண்ணொருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மரிக்கொழுந்து அந்த ஈரப் புல்லுக்குமேல் தலையைத் தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு தரம் கூப்பிட்டது. காதை முன்னுக்கு நீட்டிக் காத்திருந்தது. சலேத்தம்மாளின் கை முந்தானை முடிச்சில் மாலையைத் தேடியது, ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. ராயப்பன் அவளுக்குப் பின்னால் நின்றார்.

மாடு நீளமாக மூத்திரம் பெய்தது. உடம்பை ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு திரும்பி, கிடங்கு வாசலில் குவித்திருந்த கேரட் தழைப்பக்கம் நடந்து போய், ஒரு வாய் கடித்தது. மென்றது. இன்னொரு வாய் கடித்தது.

குழந்தைவேலு குவியலைக் காலால் அதன் பக்கம் தள்ளிவிட்டார். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தொட்டிக்குத் திரும்பினார்கள். அவர்கள் போன பிறகு சலேத்தம்மாள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராயப்பனும் வலிக்கிற முழங்காலை மடக்கி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"பாதம் சின்னது. என் கட்டைவிரல் நீளந்தான். கை ரெண்டும் மூடியிருந்துச்சு. தலையில முடி நிறைய. மூக்கு உன் மூக்கு."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அட்டப்பெட்டியில வச்சுக் குடுத்தாங்க. எனக்கு மனசு வரல. உன் சேலையைச் சுத்தி மடியில வச்சுத்தான் கொண்டாந்தேன், பஸ்ஸுல. பக்கத்துல இருந்த அம்மா, புள்ள தூங்குதான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். மெதுவா பேசுங்கன்னு எல்லாரையும் அடக்கிருச்சு அந்தம்மா. ஊர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் சத்தம் போடல."

"எந்தச் சேலை?" என்று கேட்டாள் சலேத்தம்மாள்.

அவர் சொன்னார். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்டாள், அதையும் சொன்னார். எந்த வளைவில் குளிர் ஆரம்பித்தது, எங்கே மூடுபனி வந்தது, எங்கே முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்தினார் என்று, அந்த நாலு மணி நேரப் பாதையை ஒரு வளைவுகூட விடாமல் அவள் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லி ஊர் வந்து சேர்வதற்குள், மரிக்கொழுந்து தழைக் குவியல் முழுவதையும் தின்று முடித்திருந்தது.